ஜோடித் தட்டுகள்: பிராங்க்ஸில் ஒரு டிஜேயின் இசைத்தட்டுத் தொகுப்பைக் கையாண்ட அனுபவம்

பின்னணி

2019 ஜனவரியில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியிலிருந்து எங்கள் குழுவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் ஒரு பள்ளி ஆசிரியை. அவருடைய அப்பா அதற்கு மூன்று மாதம் முன்பு இறந்துவிட்டார். வாழ்நாளின் பெரும்பகுதி நகரப் பேருந்து ஓட்டியவர். அதற்கு முன், 1974 முதல் 1986 வரை, பூங்காக்களிலும் குடியிருப்புகளின் சமுதாயக் கூடங்களிலும் நடந்த பார்ட்டிகளில் இசைத்தட்டு போட்ட டிஜே. பெயர் பெற்றவர் இல்லை. அவர் குரலோ கைவண்ணமோ எந்த வெளியீட்டிலும் கிடையாது. ஆனால் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் வாங்கிய தட்டுகளை ஏறக்குறைய அப்படியே வைத்திருந்தார்.

அம்மா பிப்ரவரி கடைசிக்குள் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு வேறு மாநிலத்துக்குப் போக வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஆறு வாரம். குழுவில் நாங்கள் நான்கு பேர். பழைய ஒலிப்பதிவுகளைக் கணினிக்கு மாற்றிப் பாதுகாப்பது என் வேலை. இன்னொருவர் காகிதப் பாதுகாப்பு படித்துக்கொண்டிருந்த மாணவி. மற்ற இருவர் தன்னார்வலர்கள். இதை எழுதக் குடும்பத்தார் சம்மதித்தார்கள். பெயர்கள் வேண்டாம் என்றார்கள், சரி என்றோம்.

அந்த வீட்டிலிருந்து சில தெருக்கள் தள்ளித்தான் 1520, செட்ஜ்விக் அவென்யூ இருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று அந்தக் கட்டடத்தின் பொது அறையில் சிண்டி கேம்பெல் என்ற பெண் பள்ளி திறப்பதை ஒட்டி ஒரு பார்ட்டி வைத்தார். தட்டு போட்டவர் அவருடைய அண்ணன், டிஜே கூல் ஹெர்க். ஹிப்-ஹாப் பிறந்த நாள் என்று இன்று கொண்டாடுவது அந்த நாளைத்தான். ஒரு பாட்டில் பாடகரும் மற்ற வாத்தியங்களும் ஒதுங்கி டிரம்ஸ் மட்டும் தனியே ஒலிக்கிற சில விநாடிகள் உண்டு. அதற்குப் பிரேக் என்று பெயர். ஆடுகிறவர்கள் அந்த இடத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்தார். அதே தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஒன்றில் பிரேக் முடிவதற்குள் மற்றதில் அதைத் தொடக்கத்திலிருந்து எடுத்துவிடுவார். சில விநாடி நிமிடக்கணக்கில் நீளும். பிறகு கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் இதைக் கணக்காகச் செய்தார். தட்டின் நடுவில் உள்ள லேபிளில் மெழுகுக் கிரேயானால் கடிகார முள் மாதிரி ஒரு கோடு போட்டு, எத்தனை சுற்று பின்னால் சுழற்றினால் பிரேக் தொடங்கும் என்று கண்ணாலேயே பார்த்துக்கொண்டார்.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாங்கள் நால்வரும் இதையெல்லாம் படித்திருந்தோம். தெரிந்திருந்தும்தான் கீழே சொல்லப்போகும் தவறுகளைச் செய்தோம்.

முதல் நாள் பார்த்தது

பின்பக்கப் படுக்கையறையில் மூன்று சுவர்களுக்கு மர அலமாரி. துணி அலமாரிக்குள் பால் பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள் ஆறு, ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் சிவப்பு டேப். கட்டடத்தின் அடித்தளத்தில் குடும்பத்துக்கு ஒதுக்கிய சிறு கூண்டறையில் அதே மாதிரிப் பெட்டிகள் பதினொன்று. எண்ணி முடித்தபோது மொத்தம் 3,640 தட்டுகள். நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சிறிய 45 தட்டுகள் 1,310, முழு ஆல்பம் அடங்கும் பெரிய எல்பிகள் 1,620, ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு என்று வருகிற பன்னிரண்டு அங்குல சிங்கிள்கள் 710. இவை போக, ஷூ பெட்டிகளில் 84 கேசட்டுகள்.

பெரும்பகுதி சோல் இசை, அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை. மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ், டெட்ராய்ட்டின் மோட்டவுன், அட்லாண்டிக் ஆகிய நிறுவனங்களின் தட்டுகள், பிறகு எழுபதுகளின் ஃபிலடெல்ஃபியா. ஒரு பையன் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கைக்காசு சேர்த்து வாங்கிய 45கள் அவை. உறையின் மூலையில் வாங்கிய மாதத்தைப் பென்சிலால் குறித்திருந்தார். 1979க்குப் பிறகு ராப் சிங்கிள்கள் சேர்கின்றன. ஹார்லமின் 125ஆம் தெருவில் கடை வைத்திருந்த பாபி ராபின்சன் நடத்திய என்ஜாய் நிறுவனத்தின் தட்டுகள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியின் எங்கிள்வுட்டிலிருந்து வந்த ஷுகர் ஹில் தட்டுகள், 1983, 84இல் புரொஃபைல், டெஃப் ஜாம். சோல் இசையையும் ஹிப்-ஹாப்பையும் இரண்டு தனித் தொகுப்பாகப் பார்ப்பவர்கள் உண்டு. இந்த அறையில் அது ஒரே நீளமான வாக்கியம் போல இருந்தது. முதலில் கேட்டு வளர்ந்த பாட்டு, அப்புறம் அதன் ஆறு விநாடி, அப்புறம் அந்த ஆறு விநாடிமேல் பேசியவர்களின் தட்டு.

சிவப்பு டேப் போட்ட ஆறு பெட்டிகளும் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கப் போட்டிருந்தன. வாய்ப்பக்கம் நம்மைப் பார்த்திருந்ததால், உள்ளே இருந்த உறைகளின் விளிம்பு எழுத்துகளை நேராகப் படிக்க முடிந்தது. ஜேம்ஸ் பிரவுன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் ராக் குழு, அதையடுத்து உறையே இல்லாத ஒரு சிங்கிள், பிறகு மறுபடி அதே ஜேம்ஸ் பிரவுன். அன்று என் குறிப்பேட்டில் எழுதியது: “சிவப்பு டேப் பெட்டிகள், 411 தட்டு, ஒழுங்கில்லாமல் இருக்கிறது, நிறைய இரட்டை.” அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை.

நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தபோது மகள் தன் போனில் அறையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா விட்டுப்போன மாதிரியே ஒரு நினைவுக்கு இருக்கட்டும் என்றார். மொத்தம் 31 படம். நாங்கள் எடுத்தது ஒன்றுகூட இல்லை. கைகளில் எண்ணிக்கை அட்டை மட்டும்தான் வைத்திருந்தோம்.

தண்ணீர் பட்ட பெட்டிகள்

அடித்தளத்தில் எப்போதோ குழாய் கசிந்திருக்கிறது. கீழ்வரிசையில் இருந்த நான்கு பெட்டிகள் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தன. கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை. தட்டின் பொருளான வினைல் தண்ணீருக்கு அஞ்சாது. கெடுவது காகிதம். அட்டை உறை தட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் அச்சு கிழிந்து பள்ளங்களில் ஒட்டிவிடும், அதன்மேல் பூஞ்சை வளரும்.

முகமூடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தோம். உறையை ஓரமாக வெட்டித் திறந்து தட்டைத் தனியாக எடுப்பது, காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவுவது, தட்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் பாத்திரம் கவிழ்க்கும் கம்பித் தாங்கியில் நிறுத்திக் காற்றில் உலர்த்துவது. ஹீட்டர் பக்கம் கொண்டுபோகவே இல்லை. சூடு பட்டால் வினைல் வளையும், வளைந்ததை நேராக்குவது கடினம். உறைகளை உறிஞ்சும் தாளுக்கு நடுவே வைத்து மாணவி பார்த்துக்கொண்டார். 270 தட்டில் 231 நன்றாக ஒலித்தன. உறைகளில் பாதி தேறவில்லை. இந்தப் பகுதி வேலையில் எனக்கு இன்றும் குறை இல்லை.

விற்பதா, வைப்பதா

முதல் வாரமே பழைய தட்டு வாங்கி விற்கும் ஒரு வியாபாரி வந்தார். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். மறுநாளே வண்டி கொண்டுவருகிறேன் என்றார். அம்மாவுக்கு வீடு மாற்றப் பணம் தேவைப்பட்டது. அந்தத் தேவையை நாங்கள் சிறிதாக எண்ணவில்லை.

இருந்தாலும் மறுக்கச் சொன்னோம். அவர் கை போன இடங்களைக் கவனித்திருந்தோம். நின்று பார்த்தது அறுபது, எழுபது தட்டை மட்டும்தான். அதில் ஒன்று ராப் கலைஞர்கள் ராமெல்ஸியும் கே-ராபும் சேர்ந்து 1983இல் செய்த ‘பீட் பாப்’. ஓவியர் ஜான்-மிஷேல் பாஸ்கியா உறை வரைந்து, முதலில் 500 பிரதி மட்டும் அடித்த சிங்கிள் அது. இப்படிச் சில தட்டுகளே அவர் சொன்ன தொகையில் பெரும்பங்கைத் தேற்றிவிடும். மிச்சம் மூவாயிரமும் தெருவோரப் பெட்டிகளுக்குப் போகும், அவற்றோடு அந்த மனிதரின் பன்னிரண்டு வருடமும் போகும். குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி மூன்றாகப் பிரிப்பது என்று முடிவு செய்தோம். குடும்பம் வைத்துக்கொள்வது ஒரு பங்கு, ஏதாவது நூலகத்துக்குக் கொடுப்பது ஒரு பங்கு, பொறுமையாக விற்பது ஒரு பங்கு. கார்னெல் பல்கலைக்கழகம் 2007இல் ஹிப்-ஹாப் தொகுப்பு ஒன்றைத் தொடங்கியதிலிருந்து, இந்த மாதிரிப் பொருள்களை நூலகங்கள் கேட்டு வாங்குகிற காலம் வந்திருந்தது. அதனால் கொடுக்க இடம் கிடைக்கும் என்று நம்பினோம்.

முடிவு சரிதான். அதை நடத்திய விதத்தில் தவறினோம்.

எங்கே தவறினோம்

இரண்டாம் வாரம் பட்டியல் வேலை தொடங்கியது. நேரம் குறைவு என்பதால் எளிய வழி எடுத்தோம். எல்லாத் தட்டையும் பெட்டியிலிருந்தும் அலமாரியிலிருந்தும் இறக்கி, கலைஞர் பெயரின் அகர வரிசையில் அடுக்குவது, ஒரு பெயரில் இரண்டு பிரதி இருந்தால் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை விற்பனைக் குவியலில் போடுவது, துடைத்துப் புது உறையில் இடுவது. எந்த நூலகத்திலும் நடக்கிற சாதாரண வேலை. சிவப்பு டேப் பெட்டிகளும் அதே வரிசையில் கரைந்தன. காலிப் பெட்டிகளைப் பால்கனியில் வைத்தோம்.

லேபிள்களில் அங்கங்கே மஞ்சளும் சிவப்புமாக மெழுகு ஒட்டியிருந்தது. மெல்லிய துணியால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் போய்விடும். துடைத்தோம். குழந்தைகள் கிறுக்கியிருப்பார்கள் என்று ஒரு தன்னார்வலர் சொன்னார். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷின் கிரேயான் கோட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்த நான், பக்கத்திலேயே நின்றுகொண்டு தலையாட்டினேன். படத்தில் பார்த்த கோடு ஒன்றுதான் எனக்குக் கோடாகத் தெரிந்தது. கையில் இருந்தது அழுக்காகத் தெரிந்தது.

இன்னொன்றும் நடந்தது. படுக்கையறையில் இருந்த தட்டுகளில் 53க்கு லேபிளே இல்லை. நடுவில் சாம்பல் நிறத்தில் காகிதப் பிசிறு ஒட்டிய வெறும் வட்டம். அடித்தளத்தில் ஊறிப்போன தட்டுகளை அந்த வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்ததால், இவையும் எப்போதோ நனைந்தவைதான் என்று எண்ணி, கழித்துக்கட்டும் குவியலில் சேர்த்தோம்.

மூன்றாம் வாரக் கடைசியில் இரட்டைப் பிரதிகள் 118ஐ வேறொரு பகுதியில் உள்ள கடைக்கு விற்றோம். புது உறைகளும் அனுப்பும் அட்டைப்பெட்டிகளும் வாங்க அந்தப் பணம் உதவியது. குடும்பத்திடம் கேட்டுத்தான் விற்றோம். ஆனால் இரண்டு இருக்கிறது, ஒன்று போதும் என்று நாங்கள்தான் சொன்னோம். அவர்கள் எங்கள் பேச்சை நம்பினார்கள்.

பெரியவர் வந்த சனிக்கிழமை

நான்காம் வாரம் ஒரு பெரியவர் வந்தார். அறுபதைத் தொட்ட வயது. பதினான்கு வயதிலிருந்து இந்த டிஜேயின் பெட்டிகளைச் சுமந்தவர். எல்பி நிரம்பிய ஒரு பெட்டி இருபது கிலோ வரும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியிலிருந்து ஆறு பெட்டியையும் இறக்கிப் பூங்காவுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோவது அவர் பொறுப்பு. அம்மாவைப் பார்த்துத் துக்கம் விசாரித்துவிட்டு அறைக்குள் வந்தார். அகர வரிசையில் நின்ற அலமாரியைப் பார்த்து, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“பெட்டி எங்கேம்மா?” என்று மகளைக் கேட்டார்.

பால்கனியைக் காட்டினார் மகள். அவர் திரும்பி அலமாரியில் விரலை ஓட்டி ஒரு எல்பியை உருவினார். இன்க்ரெடிபிள் பாங்கோ பேண்டின் 1973 ஆல்பம். ஹெர்க் காலத்திலிருந்து பிராங்க்ஸ் டிஜேக்கள் எல்லோரும் தேடிப்போன ‘அப்பாச்சி’ அதில்தான் இருக்கிறது. உறையிலிருந்து தட்டை எடுத்து, விளிம்பை இரு உள்ளங்கையிலும் தாங்கி, லேபிளைப் பார்த்தார்.

“கோட்டை யாரு அழிச்சது? இதோட ஜோடி எங்கே?”

பதில் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. அவர் கோபப்படவும் இல்லை. ஜன்னல் பக்கம் போய்த் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். கறுப்புத் தட்டு பளபளவென்று இருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் நூல் அகலத்துக்கு மங்கலான சாம்பல் வளையம். அந்தப் பிரேக் இருக்கும் இடம் அது. ஆயிரம் தடவை அங்கேயே முள்ளை வைத்து, அங்கேயே முன்னும் பின்னும் சுழற்றித் தேய்ந்த இடம். வியாபாரி இதைக் குறை என்று சொல்லி விலையைக் குறைப்பார். 45 தட்டுகளில் இது இன்னும் மோசமாக இருக்கும். அந்தக் காலத்து அமெரிக்க 45கள் பலவும் வினைல் இல்லை, ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். சீக்கிரம் தேயும், தேய்ந்த இடத்தில் இரைச்சல் ஏறும். தட்டு சேகரிப்பவர்கள் அதற்குக் க்யூ பர்ன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு டர்ன்டேபிள்களும் இன்னும் வீட்டில்தான் இருந்தன. மீதி இருந்த ஒரு ஜோடியைத் தேடி எடுத்தோம். துடைக்காமல் தப்பிய ஜோடி. மஞ்சள் கோடு இடது கைத் தட்டு, சிவப்புக் கோடு வலது கைத் தட்டு என்றார். எல்பி ஒரு சுற்று சுற்ற 1.8 விநாடி, 45க்கு ஒன்றே கால் விநாடிக்குக் கொஞ்சம் மேல். விநாடிக் கணக்கை அவர் சொல்லவில்லை, நான் பிறகு போட்டது. அவர் சொன்னது “இது அஞ்சேகால் சுத்து” என்பதுதான். அந்த 45 தி வின்ஸ்டன்ஸ் குழு 1969இல் வெளியிட்டது. அதன் பின்பக்கத்தில் கிரெகரி கோல்மன் வாசித்த டிரம்ஸ் பிரேக் ஏறக்குறைய ஏழு விநாடி. கணக்குப் போட்டால் ஐந்தேகால் சுற்றுதான் வருகிறது. விரல் நுனியால் இடது தட்டைப் பின்னுக்கு இழுத்தார், மஞ்சள் கோடு ஐந்து தடவை கடந்து கால் சுற்றில் நின்றது, வலது தட்டைத் திறந்துவிட்டார். நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பூங்கா அந்த அறைக்குள் வந்து நின்றது என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. மகள் அழுதுவிட்டார். அப்பா தட்டு போட்டு அவர் பார்த்ததே இல்லை.

அப்புறம் லேபிள் இல்லாத குவியலைக் காட்டினோம். அவை நனைந்தவை அல்ல. போட்டி டிஜேக்கள் எட்டிப்பார்த்து என்ன தட்டு என்று தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தவை. கூல் ஹெர்க்கும் இதைச் செய்தவர்தான். அதாவது, ஒருவர் மிகவும் பொத்திப்பொத்திக் காத்த 53 தட்டுகளைப் பார்த்துப் பார்த்துக் குப்பைக்கு எடுத்து வைத்திருந்தோம். திங்கட்கிழமை வண்டி வரவேண்டியது. சனிக்கிழமை அவர் வந்தார்.

மீட்டது

அன்றே வேலையை நிறுத்தினோம். துடைப்பது, அடுக்குவது, விற்பது எல்லாம். மீதி இருந்த இரண்டு வாரத்தையும் கலைத்ததைச் சேர்ப்பதில் செலவிட்டோம்.

ஆறு பெட்டிகளின் பழைய வரிசை யாருக்கும் மனப்பாடம் இல்லை, பெரியவருக்கும் முழுதாக இல்லை. ஆனால் மகளின் 31 படங்களில் 14இல் சிவப்பு டேப் பெட்டிகள் தெரிந்தன. படத்தைப் பெரிதாக்கி விளிம்பு எழுத்துகளைப் படித்தோம். எழுத்து இல்லாத சிங்கிள் உறைகளை நிறத்தையும் கிழிசலையும் வைத்துப் பொருத்தினோம். 411 தட்டில் 262க்கு இடம் உறுதியானது.

எதிர்பாராத உதவி கேசட்டுகளிலிருந்து வந்தது. பார்ட்டியில் நேரடியாகப் பதிவு செய்தவை. மேலே மாதமும் வருடமும் தவிர எழுத்து இல்லை. 1979 ஜூலை என்று குறித்த ஒன்றைக் கேட்டுக்கொண்டே வந்தபோது, பாட்டு மாறும் வரிசை மூன்றாம் பெட்டியில் நாங்கள் பொருத்தி வைத்த வரிசையோடு அப்படியே ஒத்துப்போனது. ‘ஒழுங்கில்லாமல்’ என்று நான் எழுதிய பெட்டி, உண்மையில் ஓர் இரவின் வரிசை. எங்கே கூட்டத்தைச் சூடேற்றுவது, எங்கே ஆடுகிறவர்களுக்கு வட்டம் விடுவது, எங்கே மெதுவான சோல் பாட்டு போட்டு ஜோடிகளைச் சேர்ப்பது என்று ஒருவர் பன்னிரண்டு வருடம் மாற்றி மாற்றிச் செதுக்கியது. கேசட்டுகளின் துணையோடு இன்னும் 49 தட்டுகளின் இடம் தெரிந்தது.

லேபிள் இல்லாதவற்றைக் கண்டுபிடிக்க வேறு வழி. தட்டின் கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில், அச்சு வார்க்கும்போது பொறித்த எண் இருக்கும். மேசை விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கைத் தட்டோடு தட்டாகச் சாய்த்துப் பிடித்தால், கீறல் மாதிரி அந்த எண் எழும்பி வரும். அதை வைத்து 46ஐ அடையாளம் கண்டோம்.

விற்ற 118க்காகக் கடைக்குப் போனோம். நடந்ததைச் சொன்னதும் கடைக்காரர் உள்ளே போய், இன்னும் விலை போடாத பெட்டியைத் தூக்கிவந்து, வாங்கிய விலைக்கே திருப்பித் தந்தார். அலமாரிக்கு ஏறிவிட்டவற்றுக்குக் கடை விலை கொடுத்தோம். மொத்தம் 71 திரும்பின. 47 வாடிக்கையாளர்களிடம் போய்விட்டன. யார் வாங்கினார்கள் என்று தெரியாது. அப்பாச்சி ஜோடியின் சிவப்புக் கோட்டுத் தட்டு அந்த 47இல் ஒன்று.

பெரியவரோடு நான்கு நாள் உட்கார்ந்து ஏழு மணி நேரப் பேச்சைப் பதிவு செய்தோம். ஒவ்வொரு தட்டாகக் கையில் கொடுத்து, இது எப்போது வரும், எந்தக் கை, எதற்குப் பிறகு என்று கேட்டோம். ஷுகர்ஹில் கேங்கின் 1979 தட்டில் தேய்மானமே இல்லை, ஏன் என்று கேட்டேன். பதினாலரை நிமிடப் பாட்டு, ராப் என்ற சொல்லை நாடு முழுக்கக் கொண்டுபோனது. “நாங்க மைக்கில நேரா பேசிக்கிட்டு இருந்தோம், அதைத் தட்டுல வாங்கி எதுக்குப் போடணும்?” என்றார். வாங்கினார், வைத்தார், போடவில்லை. எங்கள் பட்டியலில் முன்பு அந்தத் தட்டுக்கு ‘மிக நல்ல நிலை’ என்று மட்டுமே இருந்தது.

விளைவு

சிவப்பு டேப் பெட்டிகள் ஆறும், கேசட்டுகளும், மகளின் படங்களும், பெரியவரின் பேச்சுப் பதிவும் ஒரே தொகுப்பாக ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போயின. பெட்டியைப் பெட்டியாகவே வைக்க வேண்டும், அகர வரிசைக்கு மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினோம். பிளாஸ்டிக் பெட்டி நீண்ட காலத்துக்கு ஏற்றதல்ல என்பதால் தட்டுகளை வேறு பெட்டிக்கு மாற்றினார்கள், வரிசை எண்ணைக் காப்பாற்றினார்கள். பழைய பெட்டி ஒன்றைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டார்கள்.

சோல் 45களில் இருநூறை அம்மா எடுத்துக்கொண்டார். காதலித்த காலத்தில் அவருக்காக வாங்கியவை, பென்சில் தேதிக்குப் பக்கத்தில் அவர் பெயரின் முதலெழுத்து இருந்தது. மற்றவற்றைப் பதினான்கு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விற்றோம். வந்த பணம் வியாபாரி சொன்னதைவிட அதிகம், ஆனால் வீடு மாறும் செலவுக்கு அது சமயத்தில் வந்து சேரவில்லை. மகள் கடன் வாங்கித்தான் சமாளித்தார். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. டர்ன்டேபிள்களும் நாற்பது ஜோடித் தட்டுகளும் அதே பகுதியின் இளைஞர் மையம் ஒன்றுக்குப் போயின. அங்கே சனிக்கிழமைகளில் பெரியவர் சொல்லிக்கொடுக்கிறார்.

ஒலியை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் மாற்றினோம், இரைச்சலை நீக்காமல். இரைச்சல் எந்த விநாடியில் ஏறுகிறதோ அதுதான் அவர் கை இருந்த இடம். ஆனால் எதையும் இணையத்தில் போட முடியாது. 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய ஒலிப்பதிவுகளையும் கூட்டாட்சிப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்த 2018ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, இந்தச் சோல் தட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு 2067 வரை உரிமை இருக்கிறது. நூலகத்துக்கு நேரில் போய்த்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு முறை என்றால்

முதல் நாளில் எதையும் தொடாமல் படம் எடுப்போம். அறை முழுக்க, ஒவ்வொரு பெட்டியும், ஒவ்வொரு லேபிளும் இரண்டு பக்கமும். 3,640 தட்டுக்கு அது நான்கு நாள் வேலை, ஆறு வாரத்தில் நான்கு நாள் இருந்தது. துணியை எடுக்கும் முன் கூட வேலை செய்தவர்களைத் தேடுவோம். அந்தப் பெரியவரின் எண் அம்மாவிடம் முதல் நாளே இருந்தது, நாங்கள் கேட்கவில்லை. இரட்டைப் பிரதி என்ற சொல்லையே டிஜே தொகுப்புகளுக்குப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டோம். இப்போது எங்கள் படிவத்தில் ‘ஜோடி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, இடது வலது என்று அதற்குள் இரண்டு சிறு கட்டம். நிலையைக் குறிக்கும் இடத்தில், தேய்மானம் எந்தப் பாட்டில் எந்த விநாடியில் என்று எழுதுகிறோம். குடும்பத்துக்கு அவசரமாகப் பணம் தேவை என்றால் சோல் எல்பிகள் மாதிரி கேட்டு ரசிக்க மட்டும் வாங்கியவற்றில் தொடங்கி விற்போம், பார்ட்டிப் பெட்டிகளைக் கடைசி வரை தொட மாட்டோம்.

இப்போது

லேபிள் இல்லாத 53இல் ஏழுக்குப் பெயர் தெரியாமல் இருந்தது. போன வருடம் பெரியவர் நூலகத்துக்குப் போய்க் கேட்டு அதில் ஒன்றைச் சொல்லிவிட்டார். ஆறு மிச்சம்.

துணியால் துடைத்தவை 38 தட்டுகள். நூலகப் பட்டியலில் அவற்றின் குறிப்பில் ஒரு வரி சேர்க்கச் சொன்னோம், சேர்த்தார்கள்: “லேபிளில் மெழுகுக் கோடு இருந்தது. 2019 பிப்ரவரியில் பட்டியலிட்டவர்கள் துடைத்துவிட்டார்கள். நிறம் தெரியவில்லை.” அப்பாச்சித் தட்டுக்கு மட்டும் கடைசிச் சொற்களை மாற்றினோம். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது ‘மஞ்சள், இடது’ என்று பெரியவர் சொன்னது பதிவில் இருக்கிறது.